வச்சிரபோதி

வச்சிரபோதி (வஜ்ரபோதி, கி.பி. 671 – 741) தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகச் சீனா சென்று, மந்திரயான பௌத்தத்தை அங்கு நிலைபெறச் செய்த பௌத்தத் துறவியும் மொழிபெயர்ப்பாளரும் ஆவார். சீன மொழியில் சின்காங்சி எனவும், கொரிய மொழியில் கும்காங்ஜி எனவும், சப்பானிய மொழியில் கொங்கோச்சி எனவும் இவர் அழைக்கப்படுகிறார். இப்பெயர்களின் பொருள் வச்சிர அறிவு என்பதாகும். பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மனின் ஆதரவைப் பெற்ற இவர், 719 ஆம் ஆண்டில் சீனாவின் குவாங்சௌ துறைமுகத்தை அடைந்தார். இவருடைய மாணவர்களுள் கொரியாவின் சில்லா நாட்டைச் சேர்ந்த ஹியேச்சோ என்பவர் குறிப்பிடத்தக்கவர்.

தமிழகத்திலிருந்து கிழக்காசியாவுக்குச் சென்ற பௌத்தர்களுள் போதிதருமரே பரவலாக அறியப்பட்டவர். எனினும் போதிதருமரைக் காஞ்சியுடன் தொடர்புபடுத்தும் செய்திகள் பிற்கால மரபைச் சேர்ந்தவை. வச்சிரபோதியைப் பற்றியோ, அவரை நேரில் அறிந்த மாணவர் எழுதிய குறிப்புகளே கிடைத்துள்ளன. இல்லற மாணவரான லூ சியாங் எழுதிய வரலாறு, 800 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட சீன பௌத்த நூற்பட்டியல் ஒன்றில் இடம்பெற்றுள்ளது. 988 ஆம் ஆண்டில் சான்னிங் என்னும் துறவி தொகுத்த புகழ்பெற்ற துறவிகளின் வரலாற்றிலும் இவரைப் பற்றிய பகுதி உண்டு.

பின்னணி

ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் பௌத்தக் கல்வியின் முக்கிய நடுவங்களுள் ஒன்றாக இருந்தது. அளவையியல் அறிஞர் திக்நாகர் காஞ்சியை அடுத்த பகுதியில் பிறந்தவர் என்றும், நாலந்தாவின் தலைவராக விளங்கிய தர்மபாலர் காஞ்சியைச் சேர்ந்தவர் என்றும் மரபு கூறுகிறது. கி.பி. 640 ஆம் ஆண்டளவில் தென்னிந்தியா வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியைச் சூழ்ந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகளும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாகக் குறித்துள்ளார். அதே நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்திலும் காஞ்சியின் பௌத்தத் துறவி ஒருவர் கதைமாந்தராக வருகிறார்.

கொரியாவில் பௌத்தம் இதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்னரே நுழைந்திருந்தது. அப்போது அத்தீவக்குறை மூன்று அரசுகளாகப் பிரிந்திருந்தது. 372 ஆம் ஆண்டில் வட சீனாவின் முன்னைச் சின் அரசு, சுந்தோ என்னும் துறவியைச் சிலைகளுடனும் நூல்களுடனும் கோகுர்யோ அரசுக்கு அனுப்பியது. 384 இல் மரானந்தா என்னும் அயல்நாட்டுத் துறவி தென் சீனாவிலிருந்து பெக்ஜே அரசுக்கு வந்தார். இவரை இந்தியர் என்று கொள்வது கொரிய மரபு. தென்கிழக்கில் இருந்த சில்லா அரசு, 527 இல் இச்சாதோன் என்னும் அரசு அலுவலர் பௌத்தத்திற்காக உயிர் துறந்த பின்னரே அச்சமயத்தை ஏற்றது.

கொரியர்கள் அக்காலத்தில் எழுதுவதற்குச் சீன எழுத்துகளையே பயன்படுத்தினர். ஆகவே, வடமொழி நூல் ஒன்று சீனத்தில் பெயர்க்கப்பட்டுவிட்டால், கொரியத் துறவிகள் அதை நேரடியாகப் படிக்க முடிந்தது. சில்லா நாட்டு இளந்துறவிகள் பலர் தாங் பேரரசின் தலைநகரங்களுக்குச் சென்று கற்றதற்கு இது ஒரு காரணமாகும். அங்கு அவர்களுக்கு இந்திய ஆசான்களும் கிடைத்தனர்.

பிறப்பு

வச்சிரபோதியின் பிறப்பைப் பற்றி இருவேறு செய்திகள் உள்ளன. சான்னிங்கின் நூல் இவரைத் தென்னிந்தியாவின் மலைய நாட்டவர் என்றும், அந்தணர் குலத்தவர் என்றும், இவருடைய தந்தை காஞ்சி மன்னனின் ஆசான் என்றும் கூறுகிறது. மலைய நாடு என்பது பொதிய மலையை ஒட்டிய பகுதியாகவோ மேற்குக் கடற்கரையாகவோ இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. லூ சியாங்கின் குறிப்போ இவரை நடு இந்திய அரசன் ஈசானவர்மனின் மூன்றாவது மகன் என்கிறது. தென்னிந்திய மன்னனின் தூதுக்குழுவுடன் சீனா வந்ததால் இவர் தென்னிந்தியர் எனப்பட்டதாகவும் அக்குறிப்பு விளக்குகிறது. பிறப்பிடம் எதுவாயினும், இவருடைய வாழ்வின் திருப்புமுனைகள் காஞ்சியில் நிகழ்ந்தன என்பதில் இரு நூல்களும் வேறுபடவில்லை.

கல்வி

இளம் வயதிலேயே நாலந்தாவில் துறவு பூண்ட வச்சிரபோதி, அங்கு முதலில் இலக்கணம் கற்றார். பதினைந்தாம் வயதில் மேற்கிந்தியா சென்று, நான்கு ஆண்டுகள் தர்மகீர்த்தியின் அளவையியல் நூல்களைப் பயின்றார். இருபதாம் வயதில் முழுத் துறவு நிலை பெற்று, ஆறு ஆண்டுகள் விநய ஒழுக்க நூல்களையும் மாத்தியமிக தத்துவ நூல்களையும் கற்றார். இருபத்தெட்டாம் வயதில் கபிலவஸ்து சென்று யோகாசாரக் கோட்பாட்டைப் பயின்றார்.

முப்பத்தொன்றாம் வயதில் தென்னிந்தியா வந்து, நாகபோதி என்னும் ஆசானிடம் ஏழு ஆண்டுகள் தங்கினார். மந்திரயான நூல்களையும் அபிடேக முறைகளையும் இவர் கற்றது இக்காலத்தில்தான். நாகபோதி நாகார்ச்சுனரின் நேர் மாணவர் என்றும், எழுநூறு ஆண்டு வாழ்ந்தவர் என்றும் மரபு கூறும். இரு ஆசான்களுக்கும் இடையில் உள்ள நீண்ட கால இடைவெளியை நிரப்பவே இக்கதை எழுந்தது என்பர் ஆய்வாளர்.

மந்திரயானம் என்பது மகாயான பௌத்தத்தின் ஒரு பிரிவாகும். மந்திரம் ஓதுதல், கை முத்திரை, மண்டலம் எனப்படும் வரைபடத்தை மனத்தில் நிறுத்துதல் ஆகிய மூன்றும் இதன் அடிப்படைப் பயிற்சிகள். நூலைப் படிப்பதால் மட்டும் இதைக் கற்க இயலாது. ஆசான் மாணவருக்கு அபிடேகம் செய்வித்து, நேரில் கற்பித்தல் வேண்டும். ஆகவே, இப்பிரிவு ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குப் பரவுவதற்கு நூலுடன் ஆசானும் பயணம் செய்ய வேண்டியிருந்தது.

காஞ்சியில்

நாகபோதியிடம் கல்வி முடித்து நடு இந்தியா திரும்பியிருந்த காலத்தில், பல்லவ நாட்டில் மூன்று ஆண்டுகள் கடும் வறட்சி நிலவியது. அப்போது ஆட்சி செய்தவன் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் (ஆட்சிக்காலம் ஏறத்தாழ 700 – 728). காஞ்சி கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையும் கட்டிய இம்மன்னன் சிவநெறியைப் பின்பற்றியவன். எனினும் அவன் தூதர்களை அனுப்பி வச்சிரபோதியை வரவழைத்தான் எனச் சீன நூல்கள் கூறுகின்றன. அவர் அபிடேக மேடை அமைத்து வழிபாடு செய்ய மழை பொழிந்தது என்றும், மன்னன் அவருக்கு ஒரு விகாரை கட்டிக் கொடுத்தான் என்றும் அவை தெரிவிக்கின்றன. அங்கு அவர் மூன்று ஆண்டுகள் தங்கினார்.

மழை வரவழைத்த செய்தி பக்தி மரபில் எழுந்த கதையாக இருக்கலாம். எனினும் சிவநெறி மன்னன் ஒருவன் பௌத்த ஆசானைப் போற்றியது அக்காலச் சூழலுக்குப் பொருந்துகிறது. இம்மன்னன் 720 இல் சீனாவுக்குத் தூது அனுப்பியதையும், சீனப் பேரரசருக்காகக் கோயில் ஒன்றைக் கட்டி அதற்குப் பெயர் சூட்டுமாறு வேண்டியதையும் தாங் வரலாற்று நூல்கள் தனியாகப் பதிவு செய்துள்ளன.

இலங்கைப் பயணம்

பின்னர் வச்சிரபோதி தம் மாணவர் எண்மருடன் இலங்கை சென்றார். அனுராதபுரத்தில் புத்தரின் புனிதப் பல்லை வணங்கி, அபயகிரி விகாரையில் ஏறத்தாழ அரை ஆண்டு தங்கினார். மகாவிகாரை தேரவாத நெறியில் உறுதியாக நின்றதற்கு மாறாக, அபயகிரி மகாயானத்திற்கும் மந்திரயானத்திற்கும் இடமளித்த விகாரையாகும். சிவனொளிபாத மலையில் ஏறிப் பாதச் சுவட்டை வணங்கிய பின் அவர் காஞ்சி திரும்பினார்.

கடற்பயணம்

சீனா செல்லும் விருப்பத்தை அவர் மன்னனிடம் தெரிவித்தபோது, பயணம் நீண்டது, இடர் மிகுந்தது எனக் கூறி மன்னன் முதலில் தடுத்தான். அவர் உறுதியாக இருந்ததால், தன் படைத்தலைவன் ஒருவனைத் தூதனாக உடன் அனுப்பினான். மகாபிரக்ஞாபாரமித சூத்திரத்தின் சுவடியும் நகைகளும் நறுமணப் பொருட்களும் சீனப் பேரரசருக்குக் கொடுத்தனுப்பப்பட்டன.

கப்பல் முதலில் இலங்கை சென்றது. அங்கு மணிகள் வாங்க வந்திருந்த பாரசீக வணிகர்களின் 35 கப்பல்கள் உடன் சேர்ந்துகொண்டன. ஒரு மாதப் பயணத்திற்குப் பின் சுமாத்திராவின் சிறீவிசய அரசை அடைந்தனர். அங்கிருந்து வடக்கே செல்லத் தென்மேற்குப் பருவக்காற்று தேவைப்பட்டதால், ஐந்து மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. சிறீவிசயம் அக்காலத்தில் பௌத்தக் கல்வியில் சிறந்து விளங்கியது. இந்தியா செல்லும் சீனத் துறவிகள் அங்கு தங்கி வடமொழி கற்பது வழக்கம்.

சீனக் கரையை நெருங்கும் நேரத்தில் பெரும்புயல் வீசியது. உடன் வந்த வணிகக் கப்பல்கள் அழிந்தன. வச்சிரபோதி இருந்த கப்பல் மட்டும் தப்பியது. கப்பலின் சுமையைக் குறைக்க வேண்டி, வச்சிரசேகர நூலின் நூறாயிரம் செய்யுள் கொண்ட விரிவான சுவடி கடலில் எறியப்பட்டது என்றும், சுருக்க வடிவம் மட்டுமே எஞ்சியது என்றும் அவருடைய மரபினர் எழுதிய விளக்கவுரை ஒன்று தெரிவிக்கிறது. இவ்விழப்பு அவருடைய பிற்காலப் பணியின் திசையை முடிவு செய்தது எனலாம்.

காஞ்சியிலிருந்து புறப்பட்ட இப்பயணம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்தது. 719 இல் குவாங்சௌ துறைமுகத்தை அடைந்த அவரை, அப்பகுதியின் ஆளுநர் பல நூறு சிறு படகுகளை அனுப்பி வரவேற்றார்.

சீனாவில்

720 இல் வச்சிரபோதி பேரரசர் சுவான்சொங்கைச் (ஆட்சிக்காலம் 712 – 756) சந்தித்தார். தாவோ நெறியில் ஈடுபாடு கொண்டிருந்த பேரரசர், இந்திய ஆசான்களின் மழை வேண்டும் சடங்குகளிலும் காலக்கணிப்பிலும் ஆர்வம் காட்டினார். அதன் பின் லுவோயாங், சாங்கான் (இன்றைய சீயான்) ஆகிய இரு தலைநகரங்களிலும் மாறி மாறி வச்சிரபோதி வாழ்ந்தார். தாம் தங்கிய கோயில்களில் மண்டலம் அமைத்து அபிடேகம் வழங்கினார்.

இவருக்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 716 இல், சுபகரசிம்மர் (637 – 735) என்னும் மற்றோர் இந்தியத் துறவி தரைவழியாகச் சாங்கான் வந்திருந்தார். சுபகரசிம்மர் மகாவைரோசன சூத்திரத்தையும், வச்சிரபோதி வச்சிரசேகர மரபையும் சீனாவுக்குக் கொண்டுவந்தனர். இவ்விருவரும் வச்சிரபோதியின் மாணவர் அமோகவச்சிரரும் (705 – 774) சேர்ந்து அக்காலத்தின் மூன்று பேராசான்கள் எனப் போற்றப்படுகின்றனர். வானியல் அறிஞரும் துறவியுமான யி சிங் (683 – 727) இரு ஆசான்களிடமும் கற்றவர். தாங் பேரரசின் புதிய நாட்காட்டியை வகுத்த இவர், இந்தியாவுக்குப் பயணம் செய்த இத்சிங் அல்லர்.

மொழிபெயர்ப்புப் பணி

723 இல் சாங்கானில் மொழிபெயர்ப்புப் பணி தொடங்கியது. ஆசான் வடமொழி மூலத்தை ஓதி விளக்குவார். இருமொழியறிந்த ஒருவர் அதைச் சீனத்தில் சொல்வார். எழுத்தர் ஒருவர் அதை எழுதிச் செம்மைப்படுத்துவார். வச்சிரபோதியின் குழுவில் கிழக்கிந்திய அந்தணரான ஈசுவரர் என்பவர் மொழிபெயர்த்துக் கூற, வென்கு என்னும் துறவி எழுதினார்.

இவர்களின் முதற்பணிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை:

வச்சிரசேகர யோகச் சுருக்கம் (723): 4 சுருள்களைக் கொண்டது. கடலில் இழந்த பெருநூலின் சாரத்தைத் தருவது.

சுந்தி தாரணி சூத்திரம் (723): சுந்தி என்னும் போதிசத்துவத் தாய்க்குரிய மந்திரத்தையும் வழிபாட்டு முறையையும் கூறுவது.

மந்திரங்களின் பொருளைப் பெயர்க்காமல், அவற்றின் ஒலியை மட்டும் சீன எழுத்துகளில் எழுதும் முறை பின்பற்றப்பட்டது. சீன எழுத்து அசைகளைக் குறிப்பது என்பதால், வடமொழியின் கூட்டெழுத்துகளையும் நெடில்களையும் காட்டுவதற்குத் துணைக் குறிப்புகள் தேவைப்பட்டன. ஒலி பிழைத்தால் மந்திரம் பயன் தராது என்பது இம்மரபின் நம்பிக்கை. ஆசானிடம் நேரில் கேட்டறியும் தேவை இதனாலும் மிகுந்தது.

கொரிய மாணவர் ஹியேச்சோ

ஹியேச்சோ கி.பி. 704 ஆம் ஆண்டளவில் சில்லா நாட்டில் பிறந்தவர். இளம் வயதில் சீனா வந்த இவர், குவாங்சௌவில் வச்சிரபோதியைச் சந்தித்து மாணவரானார் என்றும், ஆசானின் தூண்டுதலால் 723 ஆம் ஆண்டளவில் கடல்வழியாக இந்தியா சென்றார் என்றும் கருதப்படுகிறது. அப்போது அவருக்கு வயது இருபது அளவே.

ஹியேச்சோ குசிநகரம், வாரணாசி முதலிய புனிதத் தலங்களை வணங்கினார். நடு இந்தியாவிலிருந்து மூன்று மாதங்களுக்கு மேல் நடந்து தென்னிந்திய அரசனின் நகரை அடைந்தார். அவ்வரசனிடம் எண்ணூறு யானைகள் இருந்ததாக அவர் எழுதியுள்ளார். இவ்வரசன் தக்காணத்தை ஆண்ட சாளுக்கியன் என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. தென்னிந்தியாவில் நிலவொளி இரவொன்றில் தாயகத்தை நினைத்து ஏங்கி ஒரு கவிதையும் இயற்றினார். பின்னர் மேற்கிந்தியா, காசுமீரம், காந்தாரம், பாமியான் வழியாகப் பாமீர் மலைகளைக் கடந்து, 727 இறுதியில் நடு ஆசியாவின் கூச்சா நகரை வந்தடைந்தார்.

இப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் நெடுங்காலம் மறைந்திருந்தது. 1908 இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெல்லியோ, சீனாவின் துன்ஹுவாங் குகையில் அதன் சிதைந்த படி ஒன்றைக் கண்டெடுத்தார். 227 வரிகள் கொண்ட அச்சுருள் பாரிசிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதன் ஆசிரியர் சில்லா நாட்டவர் என்பதையும், வச்சிரபோதியின் மாணவர் என்பதையும் 1915 இல் சப்பானிய அறிஞர் தக்காகுசு ஜுன்ஜிரோ நிறுவினார். எட்டாம் நூற்றாண்டு இந்தியாவையும் நடு ஆசியாவையும் நேரில் கண்டு எழுதிய அரிய சான்றாக இந்நூல் மதிக்கப்படுகிறது.

733 இல் ஹியேச்சோ சாங்கானின் சியான்பு கோயிலில் வச்சிரபோதியிடம் மீண்டும் பாடம் கேட்கத் தொடங்கி, எட்டு ஆண்டுகள் உடனிருந்தார். 740 இல் ஆயிரம் கைகளையுடைய மஞ்சுசிறீயைப் பற்றிய நூலொன்றை ஆசான் ஓத, மாணவர் எழுதினார் என அந்நூலின் முன்னுரை கூறுகிறது. அதன் வடமொழிச் சுவடி, சிங்கள நாட்டிலிருந்த ஆசான் ஒருவரிடம் சேர்க்குமாறு இந்தியத் துறவி ஒருவர் மூலம் திருப்பி அனுப்பப்பட்டதாகவும் அம்முன்னுரையில் உள்ளது. இந்நூல் சீனாவிலேயே இயற்றப்பட்டது எனக் கருதும் ஆய்வாளர்களும் உள்ளனர்.

மறைவு

741 இல் அயல்நாட்டுத் துறவிகள் தத்தம் நாடுகளுக்குத் திரும்ப வேண்டும் எனப் பேரரசரின் ஆணை பிறந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் சீனாவில் வாழ்ந்திருந்த வச்சிரபோதியும் புறப்பட வேண்டியவரானார். தாயகம் நோக்கிச் செல்லும் வழியில் லுவோயாங் நகரை அடைந்தபோது நோயுற்று, அங்கேயே காலமானார். அப்போது அவருக்குச் சீன முறைக் கணக்கின்படி வயது 71. 743 இல் லுவோயாங்கின் தெற்கே, லொங்மென் குகைகளை அடுத்த பகுதியில் அவருக்குத் தூபி அமைக்கப்பட்டது. சான்னிங்கின் நூல் மறைவு ஆண்டை 732 எனத் தருகிறது. ஆயினும் 733 முதல் 740 வரை ஹியேச்சோவுக்குக் கற்பித்த செய்தியோடு அது பொருந்தாமையால், 741 என்பதே ஏற்கப்படுகிறது.

எந்த ஆட்சியின் ஆணையால் அவர் வெளியேற நேர்ந்ததோ, அதே தாங் அரசு பின்னர் அவருக்கு உயர் சிறப்புகளை வழங்கியது. 765 இல் பேரரசர் தைசொங், அவருக்கு உயர் அரசப் பட்டத்தையும் பௌத்த ஆசானுக்குரிய சிறப்புப் பெயரையும் அளித்தார்.

மாணவர் மரபு

ஆசானின் மறைவுக்குப் பின் அமோகவச்சிரர் கடல்வழியாக இலங்கை சென்றார். அங்கிருந்து 746 இல் ஏறத்தாழ 500 நூல்களுடன் திரும்பினார். வச்சிரசேகர நூலின் முதற்பகுதியை அவர் முழுமையாகச் சீனத்தில் பெயர்த்தார். புயலில் இழந்ததன் ஒரு பகுதி இவ்வாறு மீட்கப்பட்டது.

774 இல் அமோகவச்சிரர் தம் இறுதி விருப்ப ஆவணத்தில், தம் மரபைத் தொடரத் தகுந்த ஆறு மாணவர்களைக் குறிப்பிட்டார். அவர்களுள் சில்லாவின் ஹியேச்சோவும் ஒருவர். ஹியேச்சோ 780 இல் ஊதாய் மலைக்குச் சென்று தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். தாயகம் திரும்பியதாகச் சான்று இல்லை.

அந்த ஆறு மாணவர்களுள் மற்றொருவரான உய்குவோவிடம் (746 – 805) 781 இல் ஹியேயில் என்னும் சில்லா துறவி கற்று, தம் நாட்டிற்கு அம்மரபைக் கொண்டு சென்றார். உய்குவோவின் சப்பானிய மாணவர் கூக்காய் (774 – 835) சப்பானில் சிங்கோன் பிரிவை நிறுவினார். அப்பிரிவின் எட்டு ஆசான்களின் வரிசையில் வச்சிரபோதி ஐந்தாமவராக வைக்கப்படுகிறார். 806 இல் கூக்காய் கொண்டு சென்ற ஆசான்களின் ஓவியங்களுள் வச்சிரபோதியின் உருவப்படமும் ஒன்று. அது கியோத்தோவின் தோஜி கோயிலில் உள்ளது.

எஞ்சியுள்ள சான்றுகள்

கொரியாவில் 1237 முதல் 1248 வரை, மங்கோலியப் படையெடுப்பின் நடுவில், பௌத்த நூல்கள் அனைத்தும் மரப்பலகைகளில் செதுக்கப்பட்டன. 81,258 பலகைகளைக் கொண்ட இத்தொகுப்பு தென் கொரியாவின் ஹேயின்சா கோயிலில் உள்ளது. அவற்றைக் காக்கும் கட்டடங்கள் 1995 இல் யுனெசுக்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வச்சிரபோதியின் மொழிபெயர்ப்புகள் இப்பலகைகளிலும் இடம்பெற்றுள்ளன. சுந்தி தாரணி இன்றும் கொரியக் கோயில்களில் வடமொழி ஒலியைத் தழுவி ஓதப்படுகிறது.

தமிழகத்தில் பௌத்தம் வச்சிரபோதிக்குப் பின்னும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. நாகப்பட்டினத்தில் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூடாமணி விகாரை எழுந்தது. அங்கு 1856 முதல் கண்டெடுக்கப்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350 ஆகும். கடற்கரை நகரங்களுக்கு வெளியே உள்நாட்டிலும் இச்சமயம் பரவியிருந்தது என்பதற்கு, சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே தியாகனூரில் உள்ள இரு பெரிய புத்தர் சிலைகள் சான்றாகும். ஆயினும் காஞ்சி மன்னன் வச்சிரபோதிக்குக் கட்டிய விகாரையின் இடம் இன்று அடையாளம் காணப்படவில்லை. தமிழகக் கல்வெட்டுகளிலோ இலக்கியங்களிலோ அவருடைய பெயர் இல்லை. அவரைப் பற்றி இன்று அறியப்படும் செய்திகள் அனைத்தும், அவர் சென்றடைந்த நாடுகளின் மாணவர்கள் எழுதிவைத்தவையே ஆகும்.